இடது கையால் வரைந்த நாற்காலி

மார்ச் 3, செவ்வாய்

கிறுக்கல் இன்று மதியத்துக்குள் ஒரு கட்டுத் தாளைத் தீர்த்துவிட்டாள். நான் ஒரு தாளைக்கூடத் தொடவில்லை. எழுதிப் பார்க்கும்போது இது பெருமையா புகாரா என்று எனக்கே பிடிபடவில்லை.

கிறுக்கல் என்பது அவள் பெயர் இல்லை. கீழே பட்டறையில் எங்கள் வடிவமைப்பு அலுவலகத்துக்கு மாதிரிகள் செய்து தருகிற தச்சர் அண்ணன் வைத்த பட்டம். அவள் வேலைக்கு வந்த முதல் வாரமே வைத்துவிட்டார். எனக்கு அவர் வைத்த பட்டம் ‘ஃபைனல்’. நான் கீழே கொண்டுபோகிற படம் மாறவே மாறாதாம், கண்ணை மூடிக்கொண்டு அறுக்கலாமாம். இத்தனை வருடமாக அதைப் பாராட்டு என்றுதான் நினைத்திருந்தேன். அவள் வந்த பிறகு பட்டறையிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கிறது. என்னோடு அண்ணன் சிரித்ததாக ஞாபகம் இல்லை. அளவு கேட்பார், சொல்வேன், அறுப்பார்.

என்னை ‘அக்கா’ என்று கூப்பிடுகிறாள். எங்களுக்குள் ஒரு வயதுகூட வித்தியாசம் இல்லை. அக்காவாம்.

மார்ச் 5, வியாழன்

புது வேலை வந்திருக்கிறது. மூட்டுவலிக்காரர்களுக்கான மருத்துவமனை ஒன்றின் காத்திருப்புக் கூடத்துக்கு நாற்காலிகள் வேண்டுமாம். காலையில் அலுவலகத்தை நடத்துகிற மேடம் எங்கள் இருவரையும் அழைத்துக்கொண்டு போனார். இப்போது அங்கே இருப்பவை ஒரே இரும்புச் சட்டத்தில் வரிசையாகப் பூட்டிய பிளாஸ்டிக் இருக்கைகள். கை வைக்க இடமே கிடையாது. தலைமை நர்ஸ் எங்களை நிற்க வைத்தே பேசினார்.

“பேரைக் கூப்பிடுவோம். ‘இதோ வரேன் சிஸ்டர்’னு குரல் மட்டும் வரும், ஆள் வராது. போய்ப் பார்த்தா அப்படியே உக்காந்திருப்பாங்க. எழுந்திருக்க முடியல, அதைச் சொல்ல வெக்கம். நான்தான் தூக்கிவிடணும். அவங்க முட்டி சரியாயிடுது, என் இடுப்பு போயிடுச்சு.”

திரும்பும்போது காரில் மேடம் சொன்னார்: “ரெண்டு பேரும் தனித்தனியா பண்ணுங்க. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சுவர்ல மாட்டுங்க. யாரோடது நிக்குதோ அதை அவங்களே கடைசி வரைக்கும் கொண்டுபோகட்டும். நான் தலையிட மாட்டேன்.”

பின் இருக்கையில் கிறுக்கல் ஏற்கெனவே எதையோ வரைந்துகொண்டிருந்தாள், குலுங்குகிற காரில், இடது கையால், டிக்கெட் மாதிரி ஒரு துண்டுத் தாளில். எட்டிப் பார்த்தேன். நர்ஸின் இடுப்பு.

இதுவரை நான் முடித்துக் கொடுத்ததெல்லாம் மேடம் யோசித்தவை. என் தலையிலிருந்து இறங்கி வந்து இந்த உலகத்தில் நான்கு காலில் நிற்கிற பொருள் என்று ஒன்றுகூட இல்லை. இந்த நாற்காலி என்னுடையதாக இருக்க வேண்டும். எழுதியாகிவிட்டது. எனக்கு அவ்வளவு வேண்டியிருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

பிரச்சினை சுவர்தான்.

மேடத்தின் சட்டம்: முடிவான படத்தை மட்டும் மாட்டக் கூடாது. முதல் நாளிலிருந்து வரைந்த எல்லாவற்றையும், தப்பு, உளறல், பாதியில் விட்டது உட்பட, மூலையில் தேதி போட்டு வரிசையாக மாட்ட வேண்டும். போன தடவை நான் ஒரே ஒரு தாளை மாட்டியபோது கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்: “விடை அழகா இருக்கு. நீ உன்கிட்ட என்ன கேட்டே? அது எங்க?”

நான் தலைக்குள்ளேயே கேட்டுக்கொள்கிறேன், மேடம். பேருந்தில் கேட்டுக்கொள்கிறேன். குளிக்கும்போது கேட்டுக்கொள்கிறேன். தப்பானதை அங்கேயே கழுவிவிட்டு, சரியானதை மட்டும் காகிதத்துக்குக் கொண்டுவருகிறேன். அழுக்குத் துணியையெல்லாம் வாசலில் காயப்போட்டால்தான் துவைத்ததாக நம்புவீர்களா?

இதை அங்கே சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

அவள் மேஜையை எட்டிப் பார்க்கக் கூடாது என்று காலையில் முடிவெடுத்தேன். தண்ணீர் பிடிக்கப் போகும்போது ஒரு தடவை, ஜன்னலைத் திறக்கிற சாக்கில் ஒரு தடவை, காரணமே இல்லாமல் ஒரு தடவை.

அவள் நாற்காலியையே வரையவில்லை. கைகள், முழங்கால்கள், ஒரு முதுகு, தரையில் இரண்டு செருப்பு. ஒரு தாளில் காபிக் கோப்பை வைத்த வட்டம். அந்த வட்டத்துக்குக் கண் காது வைத்து நர்ஸாக்கியிருக்கிறாள். எல்லாவற்றிலும் சாய்வான நிழல் கோடுகள் தாறுமாறாக. மேடம் அந்த வழியாகப் போனவர் நின்றார். பத்து நிமிடமாவது நின்றிருப்பார். என் மேஜைக்கு வந்தபோது, “ம், நடக்கட்டும்,” என்றார்.

நான் படித்த நாவல்களில் பொறாமைக்காரர்கள் விஷம் வைக்கிறார்கள், கடிதத்தைத் திருடுகிறார்கள், மாடியிலிருந்து தள்ளிவிடுகிறார்கள். நான் பென்சில் சீவுகிறேன். கூராக இருக்கிற பென்சிலையே மறுபடி சீவுகிறேன்.

மார்ச் 11, புதன்

அப்பா சாப்பிட்டுவிட்டு எழுந்தபோது மேஜை ஆடி டம்ளர் கவிழ்ந்தது. தினமும் இதுதான். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சை ஒரு தடவை இழுத்து, எழுந்திருப்பார். முழங்கால் போய் ரொம்ப நாளாகிறது.

“மேஜைய எழுப்பறீங்களா, நீங்க எழுந்திருக்கறீங்களா?” என்று அம்மா.

“ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணை,” என்று அப்பா.

துடைத்துவிட்டு அறைக்கு வந்தேன். நாற்காலி தலைக்குள் ஏறக்குறைய தயார். இருக்கை வழக்கத்தைவிட உயரம், லேசாக முன்பக்கம் சரிவு. கைகள் பாதியிலேயே நின்றுவிடும். அப்போதுதான் வரிசை மெலிதாகத் தெரியும், பக்கத்து ஆளைத் தாண்டிப் போகலாம். யோசிக்கவே சுத்தமாக இருக்கிறது.

மார்ச் 14, சனி

ஜலதோஷம் என்று வீட்டிலிருந்தேன். கதவு தட்டுகிற சத்தம். கிறுக்கல். மருத்துவமனைக் கூடத்தின் வரைபடத்தை மேடம் எனக்குக் கொடுத்தனுப்பியிருக்கிறார். வாங்கிக்கொண்டு அனுப்பியிருக்கலாம். நான் வாசலில் பேசிக்கொண்டிருந்தபோதே அப்பா உள்ளேயிருந்து, “யாரும்மா? உள்ள வரச் சொல்லு,” என்றபடி மேஜையைப் பிடித்து எழுந்தார். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

“அங்கிள், ஒரு உதவி. மறுபடி உக்காந்து எழுந்திருக்கறீங்களா?”

எந்த மனிதரும் கோபப்படுவார். அப்பா சிரித்தார். உட்கார்ந்தார், எழுந்தார். அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து வரைந்தாள். “இன்னொரு தடவை, மெதுவா.” மறுபடி உட்கார்ந்தார், எழுந்தார்.

“எழுந்து குழாயை மூடுங்கன்னு நான் சொன்னா காது கேக்காது. இந்தப் பொண்ணு சொன்னா டிரில் எடுக்கறார்,” என்றாள் அம்மா.

“உனக்கு என்னை வரையத் தெரியாதே,” என்றார் அப்பா.

அவள் போன பிறகு அப்பா சொன்னார், “சூட்டிகையான பொண்ணு. நம்மை அப்படியே பார்க்குது.” பிறந்ததிலிருந்து இந்த மனிதரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு தடவைகூட வரைந்ததில்லை. தோன்றவே இல்லை. அதற்குள் அவள் வந்து, என் வீட்டில், என் அப்பாவை — ஜலதோஷத்தில் கண்ணில் தண்ணீர் வருகிறது. ஜலதோஷம்தான்.

மார்ச் 18, புதன்

படம் முடிந்தது. ஒரே தாள். மூன்று கோணம், எல்லா அளவும். ஒரு கோடுகூட இரண்டாம் தடவை போட்டதில்லை. நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். அழகாக இருக்கிறது. யார் என்ன சொன்னாலும் அழகாக இருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

மேடம் என் மேஜைக்குப் பக்கத்தில் காலியாக இருக்கிற சுவரைப் பார்த்தார். எதிரில் கிறுக்கலின் சுவரில் இடமே இல்லை. தாள்மேல் தாளாக ஒட்டியிருக்கிறாள்.

“உன்னோடதெல்லாம் எங்க?”

“வீட்ல இருக்கு மேடம்.”

யோசிக்காமல் வந்த வார்த்தை. எவ்வளவு இயல்பாக வந்தது. ஒருவேளை எனக்கும் கிறுக்க வருகிறதோ, வாயால்.

“நிறைய இருக்கா?”

“இருக்கு.”

“வர்ற வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் கொண்டுவா. இந்தத் தடவை எனக்கு உன் வழி தெரியணும்.”

மார்ச் 22, ஞாயிறு

செய்துவிட்டேன்.

மதியம் அப்பாவும் அம்மாவும் தூங்கியபோது கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். வந்துசேர்ந்த இடத்திலிருந்து புறப்பட்ட இடத்துக்குப் பின்னால் நடந்து, போகிற வழியில் தடம் பதித்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். விடை கையில் இருக்கிறது, சந்தேகங்களைத் தயாரிக்க வேண்டும்.

வரவில்லை. மோசமாக வரைய எனக்கு வரவில்லை. வலது கை எதைத் தொட்டாலும் நேராக நிற்கிறது. கோணலாகப் போடலாம் என்றால் அந்தக் கோணலிலும் ஓர் ஒழுங்கு. பார்க்கிற யாருக்கும் தெரிந்துவிடும், நடிக்கிறது என்று.

அப்போதுதான் பென்சிலை இடது கைக்கு மாற்றினேன்.

பிறகு நிற்கவே இல்லை. கோடுகள் நடுங்கின, வழுக்கின, போக வேண்டிய இடத்தைத் தாண்டி ஓடின. நாற்காலிகள் குடிகாரர்கள் மாதிரி நின்றன. ஒன்றுக்குக் கால் நீளம், ஒன்றுக்கு முதுகே இல்லை. ஒன்றில் கை இருக்கையைத் தாண்டி முன்னால் நீட்டிக்கொண்டு போய், முனையில் பென்சில் சுற்றிச் சுற்றி ஒரு குமிழாகிவிட்டது. அழிக்கவில்லை. தப்பாக இருப்பதுதானே வேண்டும். நிழல் கோடு போட்டேன். மார்ச் முதல் வாரத்திலிருந்து ஆரம்பித்துப் பழைய தேதிகளைப் போட்டேன். கடைசியில் சமையலறைக்குப் போய்க் காபி கலந்து வந்து கோப்பையின் அடியை நனைத்து மூலைகளில் வட்டம்கூட வைத்தேன்.

இதைச் செய்யும்போது வெட்கப்பட்டேனா? முதலில். அப்புறம் மணிக்கட்டு வலித்தது. அப்புறம் — இதை யாரும் படிக்கப் போவதில்லை என்பதால் சொல்கிறேன் — கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. என்னைக் கேட்காமல் போகிற கோடு. இந்தச் சந்தோஷத்தைத்தான் அவள் தினமும் காலையிலிருந்து மாலை வரை அனுபவிக்கிறாளா? அதுவும் சம்பளத்தோடு?

மார்ச் 27, வெள்ளி

ஜெயித்துவிட்டேன். வாய் கசக்கிறது.

எல்லாரும் சுவர் முன்னால் நின்றோம். பட்டறை அண்ணனும் மேலே வந்திருந்தார். முதலில் கிறுக்கலின் சுவர். அப்பா அங்கே எத்தனையோ தடவை எழுந்துகொண்டிருந்தார்: குனிந்து, சாய்ந்து, மேஜை விளிம்பைப் பிடித்து. ஆனால் நாற்காலி இல்லை. தேடித் தேடிப் பார்த்தாலும் ஒரு முழு நாற்காலி இல்லை.

“எங்கேம்மா உக்கார்றது?” என்றார் அண்ணன்.

“அதுதான் அண்ணே தெரியல,” என்றாள். வெட்கமே இல்லாமல் சொன்னாள். “எழுந்திருக்கும்போது என்ன நடக்குதுன்னு தெரியுது. அதுக்கு நாற்காலி எப்படி இருக்கணும்னு வரமாட்டேங்குது.”

உள்ளுக்குள் குதித்தேன். பிறகு என் சுவர். இடது கைத் தாள்கள், தேதி வரிசையில். கடைசியில் என் அழகான படம். மேடம் நேராகக் கடைசிக்குப் போனார், தலையாட்டினார், அவ்வளவுதான். கிறுக்கல் நகரவே இல்லை. ஒரு தாளின் முன் நின்றுகொண்டிருந்தாள். கை நீண்ட அந்த நாற்காலி.

“அக்கா, இது என்ன?”

“அது ஒண்ணுமில்ல. தப்பாப் போயிடுச்சு, விட்டுட்டேன்.”

“ஏன் விட்டீங்க?”

பக்கத்திலிருந்த ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அப்பாவாக மாறினாள், அந்த மூச்சு இழுப்புகூட அப்படியே. “பாருங்க மேடம். எழுந்திருக்கறப்போ உடம்பு மேல போகல, முதல்ல முன்னாடி போகுது. கை பக்கத்துல இருந்து பிரயோஜனமில்ல, முன்னாடி வேணும். அங்கிள் அதனாலதான் மேஜையப் பிடிக்கறார். அக்கா அந்த மேஜையையே நாற்காலியோட கையில கொண்டுவந்து வெச்சிருக்காங்க. பிடிக்க ஒரு குமிழோட.”

மேடம் அந்தத் தாளுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார். அப்புறம் என் அழகான படத்தைப் பார்த்தார். பாதியில் நிற்கிற என் மெலிந்த கைகள். ஊன்ற எதுவுமே இல்லாத கைகள்.

“முதல் வாரமே கண்டுபிடிச்சுட்டு நீயே தூக்கிப் போட்டிருக்கே,” என்றார். “சரி. இதுதான் போகுது. இது உன்னோடது, நீயே நடத்து.”

அவள்தான் முதலில் கை தட்டினாள்.

ஜெயித்தேன். என் தப்பை வைத்து, அவள் கண்ணை வைத்து, என் அப்பாவை வைத்து. எனக்கென்று இதில் என்ன இருக்கிறது?

மார்ச் 28, சனி

நேற்று எழுத மனம் வராமல் விட்டது ஒன்று உண்டு.

எல்லாரும் போன பிறகு கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்று துடைக்க ஆரம்பித்தாள்.

“அக்கா, இடது கையால வரைஞ்சீங்களா?”

குழாயைத் திறந்துவிட்டேன். “ஏன்?”

“நிழல் கோடெல்லாம் இடது பக்கம் சாயுது. என்னோடது மாதிரி. வலது கைக்காரங்களுக்கு இப்படிச் சாயாது.”

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கோபம், கேலி, ‘மேடம்கிட்ட சொல்லவா’ — எதையாவது எதிர்பார்த்தேன். அவள் துணியை உதறிக் காயப்போட்டாள்.

“மணிக்கட்டு வலிச்சிருக்குமே. எனக்குச் சின்ன வயசுல வலது கையால எழுதச் சொல்லி அடிப்பாங்க. ராத்திரி பூரா வலிக்கும்.” கொஞ்சம் விட்டு, “நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

சொல்லித் தொலைத்திருக்கலாம். நல்லவளாக இருக்கிற வேலையையும் அவளே எடுத்துக்கொண்டால் எனக்கு மிச்சம் என்ன இருக்கிறது? பொறாமைப்பட்டேன் பொறாமைப்பட்டேன், கடைசியில் போய் அவள் கையையே எடுத்து மாட்டிக்கொண்டேன். அதையும் அவளே கண்டுபிடித்து, வலிக்கிறதா என்று கேட்கிறாள்.

ஏப்ரல் 7, செவ்வாய்

நான்தான் பொறுப்பு. அலுவலகத்தில் மேஜையை ஜன்னல் பக்கம் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தாளைப் பார்த்துச் சுத்தமாகப் படம் போட்டுவிட்டேன். கை முன்னால், முனையில் குமிழ். அண்ணன் மரத்தில் செய்ய ஆரம்பித்துவிட்டார். “ஃபைனல்தானே?” என்று கேட்டார். ஃபைனல்தான்.

ஏப்ரல் 10, வெள்ளி

மாதிரி நாற்காலி கவிழ்ந்தது.

அண்ணன்தான் உட்கார்ந்தார். குமிழ் இரண்டையும் பிடித்து அழுத்தி எழுந்தார். பின்கால்கள் தரையை விட்டுக் கிளம்பி, நாற்காலி அவர் முதுகோடு சேர்ந்தே எழுந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“இது ஆளை எழுப்பற நாற்காலியா, ஆளோட எழுந்திருக்கற நாற்காலியா?”

சிரித்தார். முதல் தடவையாக என்னோடு. நான் சிரிக்கவில்லை. அண்ணனுக்கு வயதில்லை, முழங்காலும் நன்றாக இருக்கிறது. அந்தக் கூடத்தில் ஒருவர் இப்படி விழுந்திருந்தால்?

எடையைக் கூட்டலாம். பின்கால்களைத் தரையில் பூட்டலாம். தலைக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒன்றும் நகரவில்லை. எங்கேயிருந்து நகரும்? அந்தக் கை ஏன் வேலை செய்கிறது என்பதே எனக்குத் தெரியாது. அது நான் போட்ட கேள்விக்கு வந்த விடை இல்லையே.

ஏப்ரல் 13, திங்கள்

ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 14, செவ்வாய்

ஒன்றும் இல்லை. பென்சில் கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது.

ஏப்ரல் 16, வியாழன்

மதியம் அவள் மேஜைக்குப் போனேன். எட்டிப் பார்க்க இல்லை, நேராக. “சாயங்காலம் வீட்டுக்கு வர முடியுமா?” என்றேன். அந்த வாக்கியத்தைச் சொல்ல எனக்கு எத்தனை நாள் ஆகியிருக்கிறது என்று எண்ண வேண்டாம்.

வந்தாள். அப்பா சட்டை மாற்றிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்தார், மாப்பிள்ளை மாதிரி.

“நீங்களும் வரைங்க,” என்றாள். “நான் சும்மா பார்க்கறேன்,” என்றேன். “அக்கா, பார்க்கறதுக்குத்தான் வரையறது.” ஒரு தாளை என் மடியில் வைத்தாள்.

வலது கையால்தான். அப்பா எழுந்தார், நான் பிடிப்பதற்குள் எழுந்துவிட்டார். என் தாளில் பாதி மனிதர். மறுபடி. தலை பெரிதாகிவிட்டது. மறுபடி. அவள் எதிரில், அம்மா எதிரில், அசிங்கம் அசிங்கமாக வந்துகொண்டிருந்தது. காது சூடாகிவிட்டது. எந்தக் கோடும் நிற்கவில்லை, ஏனென்றால் அப்பா நிற்கவில்லை. அப்படி வரைந்துகொண்டிருக்கும்போதுதான் அவர் கால் என் பென்சிலுக்குத் தட்டுப்பட்டது. எழுவதற்கு முன் பாதங்கள் இரண்டும் பின்னால் நகர்ந்து நாற்காலிக்கு அடியில் போகின்றன. ஒவ்வொரு தடவையும். கை முன்னால், பாதம் பின்னால்.

“கால் உள்ள போகுது,” என்றேன்.

“ஆமா. அதனால நாற்காலிக்கு அடியில குறுக்குச் சட்டம் இருக்கக் கூடாது.”

“அது சரி. ஆனா எடை முழுக்கக் குமிழ் மேல இறங்குது. அதுக்குக் கீழ ஒண்ணுமே இல்ல. அதான் கவிழுது.” சொல்லிக்கொண்டே குமிழிலிருந்து நேராகக் கீழே ஒரு கோடு இழுத்தேன். கோணலான கோடு. “முன்கால் அங்கேயே இருந்து, தரையிலிருந்து நேரா மேல வந்து, அதுவே குமிழா முடிஞ்சா?”

இரண்டு பேரும் அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு கைக்கும் ஓர் ஊன்றுகோல் மாதிரி. நடுவில், கொஞ்சம் பின்தள்ளி, ஓர் இருக்கை.

“நான் இன்னும் எழுந்திருக்கணுமா, போதுமா?” என்றார் அப்பா.

போகும்போது செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள்: “எனக்கு முடிக்க வராதுக்கா. நூறு வரைவேன், ஒண்ணும் நாற்காலி ஆகாது. நீங்க ஒரு கோடு போட்டா அது நின்னுடுது. உங்க மேல எவ்வளவு எரிச்சலா இருக்கும் தெரியுமா?”

எரிச்சலா? என் மேலா? முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கதவைச் சாத்தினேன். சாப்பிடக்கூட இல்லை. அவ்வளவு சந்தோஷம். நல்ல சந்தோஷம் இல்லை இது, எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 17, வெள்ளி

காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்விட்டேன். சுவரில் என் இடது கைத் தாள்கள் இன்னும் இருந்தன. மூலையிலிருந்த தேதிகளை அடித்துவிட்டு உண்மைத் தேதியை எழுதினேன். எல்லாவற்றிலும் ஒரே தேதி: மார்ச் 22. என் அழகான படத்தைக் கழற்றி, அவற்றுக்கு முன்னால் மாட்டினேன். மார்ச் 18. கடைசியில் நேற்றைய தாள், அப்பாவின் பெரிய தலையோடு.

ஏன் செய்தேன்? நல்லவளாகிவிட ஆசைப்பட்டு இல்லை. நேற்றுப் போட்ட கோணல் கோட்டை மாட்ட வேண்டும் என்று இருந்தது. பொய்த் தாள்களுக்குப் பக்கத்தில் மாட்டினால் அதையும் பொய் என்று நினைத்துவிடுவார்கள்.

மேடம் வந்தார், நின்றார், படித்தார்.

“தேதி மாறியிருக்கு.”

“ஆமா மேடம்.”

“எனக்கு அன்னிக்கே லேசா இடிச்சுது. உன் காபி வட்டம் எல்லாத் தாள்லயும் அதே மூலையில, அதே தூரத்துல இருந்துச்சு. உனக்குச் சிந்தக்கூட வராது.” சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கோணல் கோட்டின் முன் கொஞ்ச நேரம் நின்றார். “இது நிஜமா?”

“நிஜம். அவளும் இருந்தா.”

“அப்போ பேர் ரெண்டு போகும். நீ மட்டும் இல்ல, ரெண்டு பேரும் சேர்ந்து நடத்துங்க.”

தலையாட்டினேன். மேஜைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. என்னுடையதாக மட்டும் இருக்க வேண்டும் என்று போன மாதத் தொடக்கத்தில் எழுதினேனே. வலிக்கிறது. வலிக்கவில்லை என்று எழுதினால் இந்தப் பக்கத்துக்கும் தேதி மாற்ற வேண்டியிருக்கும்.

மே 12, செவ்வாய்

எங்களுக்குள் தினமும் சண்டை. அவள் குமிழை இன்னும் மாற்றலாம் என்கிறாள். நான் போதும் என்கிறேன். இன்று, “உன்னை விட்டா நோயாளி குணமாகி வீட்டுக்குப் போற வரைக்கும் வரைஞ்சுக்கிட்டே இருப்பே,” என்றேன். “உங்களை விட்டா அவங்க வர்றதுக்கு முன்னாடியே முடிச்சுடுவீங்க,” என்றாள். அண்ணன் ரம்பத்தை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

குமிழை மாற்றினோம். அவள் சொன்னது சரிதான். எரிச்சல்.

ஜூன் 5, வெள்ளி

நாற்காலிகள் கூடத்துக்குப் போய்விட்டன. அப்பாவுக்கு இன்று அங்கேதான் மருத்துவரிடம் நேரம் வாங்கியிருந்தேன். கிறுக்கல் முன்னாலேயே வந்து எதிர் வரிசையில் தாளோடு உட்கார்ந்திருந்தாள். நானும் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து என் தாளை எடுத்தேன். வரிசையில் யாரோ ஓர் அம்மாள் குமிழின் மேல் பையை மாட்டியிருந்தார். இதை நாங்கள் யோசிக்கவே இல்லை. வரைந்துகொண்டேன்.

நர்ஸ் அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார். அப்பா பேசிக்கொண்டிருந்த பக்கத்து ஆளிடம், “இருங்க, வந்துடறேன்,” என்றார். பாதம் உள்ளே போயிற்று. கைகள் தாமாகவே முன்னால் போயின. எழுந்தார். மூச்சு இழுக்கவில்லை. எங்கள் பக்கம் நடந்து வந்தார்.

“டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி காட்டிடு. எதும்மா நீங்க பண்ணின நாற்காலி?”

“இப்ப அதுலேருந்துதான்பா எழுந்து வந்தீங்க.”

திரும்பிப் பார்த்தார். “அப்படியா?” என்றார். கொஞ்சம் ஏமாந்த மாதிரிகூட இருந்தது. பிறகு நர்ஸ் மறுபடி கூப்பிட, போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் பேருந்தில் என் தாளை எடுத்துப் பார்த்தேன். ஆறேழு அப்பாக்கள், ஒன்றின்மேல் ஒன்றாக. ஒருவருக்கும் முகம் சரியாக வரவில்லை. கைகள் மட்டும் சரியான இடத்தில் இருந்தன.

வீட்டு வாசலில் சாவியைத் தேடும்போதுதான் நினைவுக்கு வந்தது. அவ்வளவு நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். என்ன வரைந்தாள் என்று நான் பார்க்கவே இல்லை.